தி லாஸ்ட் கார்டியன்: ட்ரிகோவை ஏவ முடியாது, பழக்கலாம்

இந்த வீடியோ விளையாட்டைப் பாதியில் விட்டவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: நம்மோடு வரும் ராட்சத விலங்கான ட்ரிகோ சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது உண்மைதான். ஆனால் அது கேட்காமல் நிற்கும் ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே விளையாட்டே. கண்டுபிடிக்கத் தெரிந்தால் ப்ளேஸ்டேஷனில் இதைப்போல் இன்னொரு அனுபவம் கிடையாது. தெரியாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் கையில் இருக்கும் கன்ட்ரோலரைத் தூக்கிப் போடத் தோன்றும்.

2009இல் பிஎஸ்3க்காக (ப்ளேஸ்டேஷன் 3) அறிவிக்கப்பட்டு, 2016 டிசம்பரில் பிஎஸ்4இல் வெளியானது. இயக்கியவர் ஃபுமிட்டோ உவெடா. இவருடைய முந்தைய விளையாட்டான ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் (2005) ஆக்ரோ என்ற குதிரை வரும். அதுவும் கடிவாளம் இழுத்தவுடன் திரும்பிவிடாது. அந்தக் குதிரையை வீடு அளவுக்குப் பெரிதாக்கி, விளையாட்டு முழுவதையும் அதன் முதுகில் ஏற்றியிருக்கிறார் இங்கே.

ட்ரிகோவுக்கு நாய் முகம், பூனை நடை, பறவைக் கால், உடம்பெல்லாம் இறகு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'தோரிகோ' என்றால் சிறைப்பட்டவர். 'தோரி நோ கோ' என்று பிரித்தால் பறவைக்குஞ்சு. 'தோரி', 'நெகோ' சேர்ந்தால் பறவையும் பூனையும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அது அடுத்து என்ன செய்யும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

நாம் ஆடுவது ஒரு சிறுவனாக. சண்டை போடத் தெரியாது, உயரம் தாவ முடியாது. முதல் காட்சியில் ட்ரிகோ சங்கிலியில் கிடக்கிறது, உடம்பில் ஈட்டி பாய்ந்திருக்கிறது. ஈட்டியைப் பிடுங்கினால் வலியில் நம்மைத் தூக்கி எறியும். அதன் உணவான பீப்பாயை எடுத்து வந்து முன்னால் போட்டால் தின்னாது. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. போட்டுவிட்டு நாலடி விலகி நில்லுங்கள், தின்னும். பிறகு மேலே ஏறிக் கழுத்துப் பட்டையைக் கழற்றலாம். விளையாட்டு முழுவதற்குமான பாடம் இந்தப் பத்து நிமிடத்திலேயே இருக்கிறது.

இனி, அது நகராமல் நிற்கும்போது என்ன பார்ப்பது? முதலில் பசி. சோர்ந்து படுத்துவிட்டதென்றால் கட்டளை எதுவும் பலிக்காது. அந்த இடத்திலேயே எங்காவது ஒரு பீப்பாய் ஒளிந்திருக்கும். ட்ரிகோ மூக்கைத் தூக்கி ஒரு திசையையே மோப்பம் பிடித்தால் அங்கே தேடுங்கள். அடுத்தது பயம். கண் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சின்னங்களைக் கண்டால் ஓரடி முன்னே வைக்காது. எத்தனை முறை கூப்பிட்டாலும் வராது. சிறுவன்தான் போய் அந்தச் சின்னத்தைத் தள்ளி உடைக்க வேண்டும். பின்பகுதியில் கவசக் காவலர்களே அந்தக் கண்ணைக் கையில் ஏந்தி வருவார்கள். அவர்கள் கையிலிருந்து அதைத் தட்டிவிடாதவரை ட்ரிகோ சண்டைக்குள் இறங்காது.

பசியும் இல்லை, பயமும் இல்லை என்றால் தவறு பெரும்பாலும் நம் பக்கம். கன்ட்ரோலரில் ஆர்1 பொத்தானை அழுத்தினால் கூப்பிடுவது. ஆர்1ஐப் பிடித்துக்கொண்டு முக்கோணம் அழுத்தினால் தாவச் சொல்வது. ஒரு தடவை சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ட்ரிகோ தலையைத் திருப்பும், மேடையைப் பார்க்கும், உடம்பைப் பதுக்கும், பிறகுதான் தாவும். அது பதுங்கும் நேரத்தில் நாம் பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தமும் புதுக் கட்டளையாகி முந்தியதைக் கலைத்துவிடும். "கேட்கவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது. இன்னொன்று: தரையிலிருந்து கத்துவதைவிடக் கழுத்தருகே ஏறி உட்கார்ந்து, போக வேண்டிய திசையில் கன்ட்ரோலரின் குச்சியைத் திருப்பிக் கட்டளை கொடுப்பது நன்றாக எடுபடும். அதன் பார்வையையும் கவனியுங்கள். எந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறதோ, வழி அனேகமாக அங்கேதான்.

சண்டைக்குப் பிறகு அதன் கண்கள் நிறம் மாறி ஒளிரும், உறுமிக்கொண்டே இருக்கும். அப்போது கட்டளை வேண்டாம். ஏறித் தடவிக் கொடுங்கள், குத்தியிருக்கும் ஈட்டிகளை ஒன்று விடாமல் பிடுங்குங்கள். ரத்தக் கறை பட்ட இறகைத் தடவினால் கறையும் மெல்ல மறையும். யாரும் கட்டாயப்படுத்தாத சின்ன வேலை இது. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்ததும் இதுவே. சண்டையின் நடுவிலோ காவலர்கள் சிறுவனைத் தூக்கிக்கொண்டு நீல ஒளி வீசும் கதவை நோக்கி நடப்பார்கள். திரையில் எழுத்துகள் நிரம்பும். பொத்தான்களை விடாமல் தட்டினால் உதறி வரலாம். விழுந்த காவலரின் தலையைக் கழற்றிப்போட்டால் ட்ரிகோவுக்கு வேலை மிச்சம்.

இவ்வளவும் வடிவமைப்பு. இதையெல்லாம் குறை என்று சொல்வது பூனை வளர்ப்பவர் பூனையைக் குறை சொல்வது மாதிரி. ஆனால் உண்மையான குறைகளும் இருக்கின்றன, அவற்றுக்கு இந்தச் சாக்கு செல்லாது. கேமரா மோசம். குறுகிய அறையில் ட்ரிகோவும் நாமும் சேர்ந்தால் திரை முழுக்க இறகுதான் தெரியும். சிறுவன் ட்ரிகோவின் உடம்பில் தானாக ஒட்டிக்கொள்வான். இறங்க நினைத்தால் வயிற்றைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருப்பான். குச்சியோடு மல்லாடாமல் பெருக்கல் குறிப் பொத்தானை அழுத்திக் கையை விடச் செய்வதே சுலபம். எந்தப் பொத்தான் எதற்கு என்ற குறிப்புகள் கடைசிவரை திரையில் வந்துகொண்டே இருப்பதும் தொல்லை. இவ்வளவு அழகான இடத்தில் அது கண்ணை உறுத்துகிறது.

சாதாரண பிஎஸ்4இல் திறந்தவெளிக் காட்சிகளில் படத்தின் ஓட்டம் தடுமாறும். ட்ரிகோவின் இறகுகள் காற்றில் அசைவதற்கு அந்தப் பெட்டி கொடுக்கும் விலை அது. பிஎஸ்4 ப்ரோ இருந்தால் 4கே படத்துல்லியம் வேண்டாம், 1080பியில் ஆடுங்கள்; சீராக இருக்கும்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் பிரதியை வாங்குமுன் யோசிக்க வேண்டும். அப்டேட் செய்த பதிப்பு அங்கேயும் வினாடிக்கு 30 சட்டகத்தில் கட்டுப்பட்டே ஓடும். ஆனால் வட்டில் இருக்கும் முதல் பதிப்பில், 1.00இல், அந்தக் கட்டு இல்லை. பிஎஸ்5இல் அது 60க்கு ஏறுகிறது. ட்ரிகோ காதை அசைப்பதுகூட அப்போது வேறு மாதிரி தெரியும். அதற்கு வட்டு இயக்கி உள்ள பிஎஸ்5 வேண்டும். இணையத்தைத் துண்டித்துவிட்டு வட்டைப் போட்டு நிறுவுங்கள். ஏற்கெனவே அப்டேட் இறங்கியிருந்தால் விளையாட்டையே அழித்துவிட்டு, இணையம் இல்லாமல் மறுபடி நிறுவ வேண்டும். ஆடத் தொடங்குமுன் பதிப்பு எண் 1.00தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தை இணைத்து, அது அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.