6,800 வெள்ளி போச்சு: முதல் நாவல் போடப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று விடியற்காலை பினாங்கு ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறி, ஃபெரி பிடித்து, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த, என் நாவலைப் போட்ட நிறுவனத்துக்கு மூச்சு வாங்க ஏறிப் போனேன். கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே 'வாடகைக்கு' என்று மலாயில் எழுதிய தாள். கீழே ஃபோட்டோகாப்பிக் கடை வைத்திருப்பவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "போன மாசமே காலி பண்ணிட்டாங்க சிஸ். இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளு" என்றார்.

நாலாவது ஆள். அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக இதை எழுதுகிறேன். ஐந்தாவது ஆள் யாராவது இதைப் படிக்கட்டும்.

அந்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் மானநஷ்ட வழக்கு போடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன். அட்டை, அச்சு, பதிவு, விளம்பரம், வெளியீட்டு விழா எல்லாம் ஒரே பேக்கேஜ். என்னிடம் வாங்கியது 6,800 வெள்ளி (ரிங்கிட்).

என் நாவல் அமானுஷ்யக் காதல் வகை. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டம். 1943இல் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போன முருகையன் திரும்பவில்லை. எண்பது வருடம் கழித்து, இடிந்துபோன லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) படம் எடுக்க வருகிற கோமதியின் முன்னால் அதே இருபத்திரண்டு வயதோடு வந்து நிற்கிறான். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்துப்போன தோட்டத்து ஆட்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. என் தாத்தாவின் தம்பியும் அந்தக் கணக்கில் வராத ஒருவர். "போயும் போயும் பேய்க்கதையா எழுதுறீங்க?" என்று ஒரு இலக்கியக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆமாம் ஐயா, பேய்க்கதைதான். முருகையனால் எதையும் தொட முடியாது என்று முதல் அத்தியாயத்திலேயே விதி வைத்துத் தொலைத்துவிட்டேன். அப்புறம் 38 அத்தியாயம் அந்த விதியை மீறாமல் காதலை நகர்த்துவதற்குள் என் உயிர் போய் வந்தது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பத்தரை மணிக்கு மேல் சமையலறையிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதினேன். ஒரு தொடர்கதைச் செயலியில் வாரம் ஒன்றாகப் போட்டேன். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் "அடுத்த பாகம் எப்ப?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகஸ்டில் அந்த நிறுவனத்து ஆள் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தான். எழுத்தில்கூட இல்லை, நாலு நிமிடக் குரல் பதிவு. "அக்கா, பதினேழாவது அத்தியாயம் படிச்சிட்டு ராத்திரி பூரா தூங்கலக்கா. 'உன் விரல் என் மேல் படாது என்று தெரியும், அதனால்தான் கையை நீட்டுகிறேன்.' எப்படிக்கா இப்படி எழுதுறீங்க?" பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். குழாயை மூடிவிட்டு மறுபடி கேட்டேன். கையில் சோப்பு நுரை காயும்வரை அப்படியே நின்றேன். என் கணவர் நல்லவர், ஆனால் ஒரு அத்தியாயம் படித்ததில்லை. என் அக்காவுக்குப் பேய் என்றாலே ஆகாது. முன்பின் தெரியாத ஒருவன் என் வரியை மனப்பாடமாகச் சொல்கிறான். அந்த நிமிடமே நான் விழுந்துவிட்டேன். பணம் கொடுத்தது அப்புறம் நடந்த சடங்கு.

அந்த வரி என் தொடரின் முகப்பிலேயே இருக்கிறது. அதிகம் பேர் விரும்பிய வரி என்று செயலி தானாகவே மேலே தூக்கிப் போட்டிருக்கிறது. கதையைத் திறக்காமலே படிக்கலாம். இது எனக்கு உறைத்தது போன வாரம்தான்.

செப்டம்பரில் 3,000 வெள்ளி முன்பணம். ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தேன். நவம்பரில் "அச்சுக்குப் போகுது அக்கா" என்று இன்னொரு 2,800. அதற்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. டிசம்பரில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கும் அரசாங்கப் பதிவுக்கும் 1,000. மொத்தம் 6,800. மூன்று தடவையும் பணம் போனது ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. "கம்பெனி அக்கவுண்ட் அப்டேட் ஆயிட்டு இருக்கு அக்கா" என்றான். சரி என்றேன். கிளினிக்கில் பத்து வெள்ளிக்கு ரசீது இல்லாமல் விடமாட்டேன், இங்கே சரி என்றேன்.

அட்டைப்படம் வந்தபோதாவது விழித்திருக்கலாம். பின்னால் ஒரு கோட்டை, பனி. முன்னால் கருப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பையன், வாயோரம் கோரைப்பல். "இது யாரு தம்பி?" என்றேன். "முருகையன்தான் அக்கா." ரப்பர்த் தோட்டத்துப் பையன், சயாமில் காலரா வந்து செத்தவன், அவனுக்குக் கோரைப்பல்! கதையில் அவன் எப்படிச் செத்தான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "லாரி ஆக்சிடெண்டு தானே அக்கா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் 5,800 வெள்ளி ஏற்கெனவே போயிருந்தது. போட்ட பணம் கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்வது. கோரைப்பல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். கோட்டை அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு. மலேசியாவில் இழுத்தடிக்க நினைக்கிறவனுக்குப் பண்டிகைக்கா பஞ்சம்? கிறிஸ்மஸ் லீவு அக்கா. பொங்கல் வருது. தைப்பூசத்துக்குப் பிரிண்டரே காவடி எடுக்கிறார் அக்கா. சீனப் புத்தாண்டு, பைண்டிங் ஆளு எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. கடைசியாக, விழாவும் முடிந்த பிறகு, நோன்புப் பெருநாள். நடுநடுவே அட்மின் என்று ஒரு பெண் வந்து "உங்கள் கோரிக்கை கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரே வாக்கியத்தை எட்டு முறை அனுப்பினாள். எண்ணிப் பார்த்தேன், எட்டு.

பிப்ரவரி கடைசி ஞாயிறு விழா. ஜார்ஜ்டவுனில் சின்ன மண்டபம், அறுபது பேர், கேசரி, வடை, ஆளுயரப் பேனர். விழா பேக்கேஜில் உண்டு என்றார்கள், வந்தது பேனர் மட்டும்தான். மண்டபமும் பலகாரமும் என் செலவு, அதை 6,800இல் சேர்க்கவில்லை. காலையில் ஒரு லாரிக்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கினார். 300 பிரதி என்று பேச்சு, இருந்தது 40. மேலே ஒன்று மட்டும் தங்கக் காகிதம் சுற்றி, 'மேடையில் பிரிக்கவும்' என்ற சீட்டோடு இருந்தது. முதல் நூல் பெற எங்கள் தமிழ்ப்பள்ளியின் பழைய தலைமையாசிரியர் வந்திருந்தார். எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர். காகிதத்தைப் பிரித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். அவர் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்தார், கண்ணாடியை மேலே தூக்கினார், இறக்கினார். பிறகு மெதுவாக மூடிக் கைக்குட்டையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசும்போது என்னைப் பற்றித்தான் பேசினார், புத்தகத்தைத் திறக்கவே இல்லை. போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "பிள்ளே, கொம்பெல்லாம் கழண்டு கெடக்கு. என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். நான் கைப்பேசியில் ஒழுங்காகத் தட்டிக் கொடுத்ததை எந்த எழுத்துருவில் போட்டு எப்படிக் கெடுத்தார்களோ, 'கோமதி' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளிவட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. கொ, கோ, மொ, மோ எல்லாம் அதே கதி. கதாநாயகி பெயரே கோமதி, அப்படியானால் பக்கத்துக்கு எத்தனை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். "பேய்க்கதைதானேம்மா, எழுத்தும் மிதக்குது" என்று மகன் சிரிக்க வைக்கப் பார்த்தான். அன்றைக்கு உறையில் பணம் வைத்துப் புத்தகம் வாங்கிப்போன பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போய் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே மகன்தான் பின்னட்டைப் பட்டைக்கோட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் கண்டுபிடித்தான். ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டுமாம். டிஷ்யூ பாக்கெட்டின் பின்னால் கூட்டினான். 127 வந்தது. மறுபடி கூட்டினான். 127. சும்மா கைக்கு வந்த எண்ணை அடித்திருக்கிறார்கள். இதற்கு 1,000 வெள்ளி! நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் கொடுப்பது தேசிய நூலகம், அதற்குக் கட்டணமே கிடையாது. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அச்சான புத்தகத்தில் 5 பிரதிகளை நூலகத்துக்கு ஒப்படைக்கவேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கொம்பு கழன்ற ஐந்து பிரதிகளை எந்த முகத்தோடு கொடுப்பது?

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. நாலு பக்கம், ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஏழு வருடத்துக்கு எல்லா மொழி உரிமையும், திரைப்பட உரிமையும் அவர்களுக்கு என்று இருக்கிறது. எழுதியவுடனே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, அதற்கு யாரிடமும் போய்ப் பதியவேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் கையெழுத்துப் போட்டு நாமே தூக்கிக் கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். முருகையன் இப்போது யாருடையவன் என்று எனக்கே தெரியவில்லை. 6,800 வெள்ளியைச் சம்பாதித்துவிடலாம். இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது, அதைத் தொடலாமா கூடாதா என்று பத்தரை மணிக்கு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போலிஸில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள். ஒப்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் புத்தகமும் வந்திருக்கிறது, அதனால் இது சிவில் விவகாரம், ட்ரிபுனலுக்கு (தீர்ப்பாயம்) போங்கள் என்றார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். பயனீட்டாளர் ட்ரிபுனலில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் "விற்பதற்குப் புத்தகம் போட்டவர் எப்படிப் பயனீட்டாளர் ஆவார்?" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார். பரவாயில்லை, ஐந்து வெள்ளிதானே. அதற்கு முன் திங்கட்கிழமை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்கப் போகிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி ஒன்றரை ஆகிவிட்டது. அவசரமாகச் சிலது. தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போடுவதற்கு முன் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று காட்டும் போலிஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், நிறுவனத்தை நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடுங்கள். பணம் போனது மோசடி என்று தெரிந்தால் அன்றைக்கே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள், என்னைப் போல ஏழு மாதம் கழித்து இல்லை. ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். 300 அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி அடித்துக் கையில் கேளுங்கள், அதில் 'கோ' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வரியை மனப்பாடமாகச் சொல்கிறவனிடம் கதையின் முடிவைக் கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போன மற்ற மூன்று பேர் இதைப் படித்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், மனுவைச் சேர்ந்து கொடுக்கலாம். ரசீது, குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த நாலு நிமிடப் பதிவை நானும் அழிக்கவில்லை. 12ஆம் தேதி வளையலுக்கு வட்டி 56 வெள்ளி கட்டவேண்டும்.