கரீபியன் தீவில் ஒரு பகல்: கப்பல் டூரா, நாமே சுற்றுவதா?

போன ஜனவரியில் நானும் மனைவியும் புளோரிடாவிலிருந்து கிளம்பும் பத்து நாள் கப்பலில் கரீபியன் போய் வந்தோம். செயின்ட் லூசியாவில் கப்பலிலேயே விற்கிற டூரை எடுத்தோம். மறுநாள் பார்படாஸில் எதையும் முன்பதிவு செய்யாமல் நாங்களாகவே இறங்கி நடந்தோம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் செய்து பார்த்ததால் சொல்கிறேன், பார்படாஸுக்கு டூர் வேண்டவே வேண்டாம். செயின்ட் லூசியாவுக்கு மட்டும் இதே பதிலை நான் சொல்ல மாட்டேன்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டூரில் செலவு அதிகம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்படாஸில் ஓடும் வெள்ளை வேன்களுக்கு, நம்பர் பிளேட் எழுத்தை வைத்து, ‘ஸெட் ஆர்’ என்றே பெயர். அதில் ஒரு ஆளுக்கு 3.50 பார்படாஸ் டாலர். 1975லிருந்து இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று நிலையாக இருப்பதால் பாதியாக்கிக்கொண்டால் போதும். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே வாடகையையும், சொல்வது எந்த டாலரில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று: வண்டியே கிடைக்காவிட்டாலும் நீங்கள் கப்பலுக்கு நடந்து திரும்ப முடியுமா? கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். கப்பலின் சொந்த டூர் தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமே போய்த் தாமதமானால் அடுத்த தீவுக்கு விமான டிக்கெட் நம் செலவு. டூருக்குக் கொடுக்கிற காசில் பெரும் பங்கு இந்த உத்தரவாதத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

செயின்ட் லூசியாவில் அந்த உத்தரவாதம் எங்களுக்குத் தேவைப்பட்டது. கப்பல் நிற்பது தலைநகர் காஸ்ட்ரீஸில். எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிற பிட்டான் மலைகள் தென்மேற்கே, சூஃப்ரியேர் என்ற ஊர்ப் பக்கம். 798 மீட்டரும் 743 மீட்டருமாக இரண்டு கூம்புகள் கடலிலிருந்தே எழுந்து நிற்கின்றன, 2004லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். போகிற சாலை ஏறி இறங்கி வளைந்துகொண்டே இருக்கிறது, ஒரு வழிக்கே எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பும்போது ஒரு வளைவில் லாரி பழுதாகி நின்றுவிட்டது. இருபது நிமிடம் அசையவில்லை. வழிகாட்டிப் பெண்மணி முன் சீட்டிலிருந்தே போனில் துறைமுகத்துக்குத் தகவல் சொன்னார், பஸ்ஸில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதே இடத்தில் தனி டாக்சியில் உட்கார்ந்திருந்தால் என் கை நடுங்கியிருக்கும். ஆனால் அந்த டூரில் எனக்குக் குறையும் இருந்தது. சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற கந்தக வெந்நீர் ஊற்றுகளில் நிற்க நேரம் போதவில்லை, கடைகளில் நின்ற நேரமோ அதைவிட அதிகம்.

பார்படாஸ் வேறு கதை. பிரிட்ஜ்டவுன் துறைமுக வாசலிலிருந்து கடலோரமாக நடந்தால் அரை மணிக்குள் ஊர் நடுவில் இருப்பீர்கள். போகிற வழியில் கொஞ்சம் உள்ளே திரும்பினால் கென்சிங்டன் ஓவல். 2024 ஜூன் 29 அன்று இந்தியா 7 ரன்னில் டி20 உலகக் கோப்பையை வென்ற மைதானம். கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக் கோட்டில் மில்லரைப் பிடித்தாரே, அந்தப் புல்லை வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பார்படாஸின் கிரிக்கெட் மேதை சோபர்ஸின் சிலையும் அங்கேதான். எந்த டூர் பஸ்ஸும் எனக்காக அங்கே நிறுத்தியிருக்காது.

அப்புறம் சேம்பர்லின் பாலத்தைத் தாண்டி பே ஸ்ட்ரீட் வழியே இன்னும் இருபது நிமிடம் நடந்தால் கார்லைல் பே. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாலும் கால் விரல் தெரிகிறது. கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில் 1919இல் மூழ்கிய ‘பெர்வின்’ என்ற இழுவைப் படகு கிடக்கிறது, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மீன்கள். ஆமை ஒன்று என் மனைவிக்குக் கீழே நிதானமாகக் கடந்து போனது, அவள் கரைக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு ‘கட்டர்’: உப்பு ரொட்டியைப் பிளந்து நடுவில் பொரித்த பறக்கும் மீன், மேலே கடுகும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் சேர்த்த மஞ்சள் சாஸ். காரம் நம் நாக்குக்கே உறைக்கிறது, முதலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

இரண்டரை மணிக்குத் திரும்பலாம் என்று சாலைக்கு வந்தால் வந்த வேன்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. சரி என்று நடந்தோம். முக்கால் மணி நேரம், வெயில் இருந்தது, பதற்றம் இல்லை. கண்ணெதிரே கப்பலின் புகைபோக்கி தெரிந்துகொண்டே இருந்தது.

ஹாரிசன் குகையோ கிழக்குக் கரையில் பாத்ஷீபாவோ பார்த்தே ஆக வேண்டும் என்றால் அவை நடக்கிற தூரம் இல்லை, அப்போது டூரை யோசிக்கலாம். நாங்கள் போகவில்லை என்பதால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. கைக்குழந்தையோடோ முட்டி வலிக்கிற பெற்றோரோடோ போன அனுபவமும் எனக்கு இல்லை. அவர்களுக்கு என் நடைக் கணக்கு பொருந்தாது.

நாமே போவதென்றால் நேரத்தில் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் பார்படாஸ் நேரம் புளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னே. கப்பல் தீவு நேரத்துக்கு மாறி உங்கள் கைக்கடிகாரம் மாறாமல் இருந்தால், மூன்று என்று நினைக்கும்போது மணி நான்கு. இறங்கும் வாசலில் இருக்கிற கடிகாரத்தோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு இறங்குங்கள். ராணுவப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி எதையும் எடுத்துப் போகாதீர்கள், பார்படாஸில் அதை அணிவது சட்டப்படி குற்றம். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் இருந்தால் அது மான்சினீல். அதன் பால் தோலைக் கொப்புளமாக்கும், மழைக்குக்கூட அடியில் ஒதுங்கக் கூடாது.

அடுத்த பயணத்தில் கிரெனடா வருகிறது. செயின்ட் ஜார்ஜஸ் கப்பல்துறையிலிருந்து கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்கு வரைபடத்தில் அளந்து பார்த்தேன், நடந்தால் சுமார் ஒரு மணி நேரம். அதற்கு டூர் எடுக்கவில்லை.