19 மாதம், மூன்று பிள்ளைகள், ஒரு போன்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது மூத்தவள் ஏழாவது, நடுவுள்ளவன் நாலாவது, கடைக்குட்டி ஒண்ணாவது. மூவரும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. மூத்தவள் 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். சின்னவர்கள் இருவருக்கும் நவம்பர் 1-இல்தான் பள்ளி திறந்தது. அதுவரை எங்கள் வீட்டுக் கூடம்தான் வகுப்பறை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டுகிறேன். அன்றைக்குக் கைகொடுத்தது எது, கைவிட்டது எது என்று இப்போது பதறாமல் சொல்ல முடிகிறது.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது என்றாலும், நாங்கள் அந்தச் சேனலைத் தேடிப் பிடித்தது ஊரடங்கில்தான். மூத்தவளுக்கு அது பெரிய துணை. அவள் கையில் இருக்கும் அதே பாடப்புத்தகத்தை வைத்தே கணக்கும் அறிவியலும் நடத்தினார்கள். தவறவிட்டால் பிறகு யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். சின்னவளுக்கு அது ஒத்துவரவில்லை. டிவியில் டீச்சர் "எல்லாரும் சொல்லுங்க" என்பார். இவள் 'கொடி'யை 'கோடி' என்று உரக்கச் சொல்வாள். அவர் "நல்லது" என்று அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். வாசிக்கப் பழகும் வயதில் பிள்ளையின் வாயைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

போன் ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார், காலையில் போனும் அவரோடு போய்விடும். அதனால் பிள்ளைகள் பகலில் புரியாத இடத்தில் பென்சிலால் நட்சத்திரம் போட்டு வைப்பார்கள். இரவு அப்பா வந்ததும் அந்தப் பாடத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோ பார்ப்போம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அதற்குள் மூன்று பேர் நட்சத்திரமும் முடிய வேண்டும். போன் கையில் இல்லாததால் பிள்ளைகள் முதலில் தாங்களே யோசித்துப் பார்த்தார்கள். பாதி நட்சத்திரத்தை இரவுக்குள் அவர்களே அழித்தும் விடுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாள்கள்தான் வீண். சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக் கண் வலித்ததே மிச்சம்.

செலவு செய்ததில் உருப்படியானது சுவரில் அடித்த கரும்பலகை. ஹார்டுவேர் கடையில் அதற்கென்றே பெயிண்ட் கிடைக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஆரம்பித்து அடித்தோம், கடைக்குட்டிக்கு எட்ட வேண்டுமே. மூன்று பத்தி பிரித்து ஆளுக்கு ஒன்று. தையலில் உட்கார்ந்தபடியே யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நடுவுள்ளவனுக்கு மூத்தவள் கணக்கு எழுதிப் போடுவாள். அவன் போடுவதைப் பார்த்துச் சின்னவளும் கூட்டலுக்கு வந்துவிட்டாள்.

வகுத்தலைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, என் அத்தை. பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினார். 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு நாள் மொத்தக் கொட்டையையும் தரையில் கொட்டி, "எழுபது இருக்கு, எல்லாக் குழிக்கும் சமமாப் போடு, எத்தனை விழுது பாரு" என்றார். நடுவுள்ளவன் போட்டான். அப்புறம் அவனே ஒரு குழியைக் கையால் மூடிக்கொண்டு பதின்மூன்றுக்குப் பிரித்தான். மிஞ்சிய ஐந்து கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் மீதியா அப்பத்தா?" என்று கேட்டான். நான் இரண்டு வாரமாக எழுதிக் காட்டியும் ஏறாதது அன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஏறியது.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். மூத்தவளை டீச்சராகவே ஆக்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு யாரும்மா சொல்லித் தருவா?" என்று அழுதாள். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் அவள் பின்தங்கியதை நான் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து பகல் 2 முதல் 4 வரை அவள் நேரம், தம்பி தங்கை பக்கத்தில் போகக் கூடாது. பல வீட்டிலிருந்து தைக்க வந்த துணிகளைத் தள்ளிப் போட்டு, அந்தக் கணக்கை நானும் அவளோடு உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

இவ்வளவு செய்தும் கடைக்குட்டியின் வாசிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் திறந்தபோது எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். அவளைத் தேற்றியது எங்கள் தெருவுக்கு வந்த இல்லம் தேடிக் கல்வி மையம். மாலை 5 முதல் 7 வரை, தன்னார்வலராக வந்தது பக்கத்துத் தெருப் பெண். இருபது பிள்ளைகளுக்குள்ளும் ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து வாசிக்க வைத்தார். நான் மறுபடி தொடங்குவதாக இருந்தால் சின்னவளோடு தினமும் கால் மணி நேரம் உரக்க வாசிப்பதைத்தான் முதலில் வைப்பேன், கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது அவள் ஏழாவது. நன்றாகவே படிக்கிறாள். புதிய சொல் வந்தால் மட்டும் கொம்பைப் பார்த்து ஒரு நொடி நின்று, குறிலா நெடிலா என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே போகிறாள்.