செட்டிநாட்டு வீடு பாக்க போறவங்க, பேக்கேஜுக்கு அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

போன வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவ கூட்டிட்டு மதுரைல இருந்து காரைக்குடி பக்கம் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அலைய வைக்க வேணாம்னு போன்ல ஒரு டூர் ஆள பிடிச்சேன், நாலு வீடு உள்ள போய் பாக்கலாம், ஆயிரம் ஜன்னல் வீடும் அதுல உண்டு, ஆத்தங்குடி கல்லு (தரைல பதிக்கிற கலர் டைல்ஸ்) செய்யுற எடம், புதுக்கோட்டை மியூசியம், மதியச் சாப்பாடு எல்லாம் சேத்து 6,500ன்னு சொல்லி 4,000 ஜிபேல வாங்கிட்டாரு.

ஆயிரம் ஜன்னல் வீட்டு முன்னாடி கார நிறுத்தி "போட்டோ எடுத்துக்கங்க சார்"னாரு, அவ்ளோதான். அது தனியார் வீடு, வெளிய நின்னுதான் பாக்கணுமாம். இத முன்னாடியே சொல்லிருக்கணும்ல?

கானாடுகாத்தான்ல நடந்ததுதான் இன்னும் மனசுல கெடக்கு. ஒரு வீட்டு வாசல்ல வாட்ச்மேனுக்குன்னு தனியா 500 வாங்கிட்டு எங்கள உள்ள அனுப்பிட்டு டூர்காரரு கார்கிட்டயே நின்னுட்டாரு. முகப்பு தாண்டி வளவுக்குள்ள, அதான் நடு முற்றத்துக்குள்ள போனா கொடில ஈரப்புடவை காயுது, ஓரமா முறத்துல மிளகா. அம்மா பர்மா தேக்குத் தூண தடவி பாத்துட்டு இருக்காங்க, உள்ள இருந்து ஒரு ஆச்சி வந்து "யாரு நீங்க, யாரக் கேட்டு வந்தீங்க?"ன்னாங்க. அம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு. மன்னிப்பு கேட்டுட்டு திரும்பினோம், அம்மா காலத் தாங்கி நடக்குறத பாத்து அவங்களே திண்ணைல உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாங்க. வாட்ச்மேன் சொல்றத நம்பி வந்து நிக்கிறவங்கள பாத்து பாத்து அவங்களுக்கும் சலிச்சுப் போச்சாம்.

ஆத்தங்குடி மட்டும் நல்லாருந்துச்சு. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர ஊத்தி, மேல சிமெண்ட்டும் அந்த ஊரு மணலும் போட்டு கையாலயே செய்யுறாங்க, சூளைல சுடுறதே இல்ல, தண்ணில ஊறப்போட்டு காய வைக்கிறாங்க. ஆனா அங்க நாமளே நேரா போய் பாக்கலாம், அங்க இருக்குற பெரிய வீட்டுக்கும் வாசல்லயே டிக்கெட், நடுவுல ஆளே வேணாம்.

கடைசில அந்த புதுக்கோட்டை மியூசியம், திருக்கோகர்ணத்துல இருக்கு, அங்க போனா பூட்டு. வெள்ளிக்கிழமைன்னா அதுக்கு வாராவாரம் லீவு, இதே தொழில்ல இருக்குறவருக்கு தெரியாதா? நாலு வீடுன்னு சொன்னதுல ஒழுங்கா உள்ள போனது ஒண்ணுதான். மிச்சம் 2,500 தர முடியாதுன்னேன், அப்ப மதுரைக்கு வண்டி வராதுன்னுட்டாரு, இருட்டிருச்சு, அப்பாவே எடுத்து குடுத்துட்டாரு.

பணம் போடுறதுக்கு முன்னாடி எந்தெந்த வீடு, உள்ளயா வெளியவா, டிக்கெட் யாரு குடுக்குறான்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க. வாட்ச்மேனுக்குன்னு கேட்டா உள்ள போகாதீங்க, அங்க ஆளுங்க குடியிருக்காங்க.