குதிரை வருஷத்துக் குதிரை: 4,800 வெள்ளி போன கதை

சிங்கப்பூரில் பழைய சீன மை ஓவியம் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

நான் நிபுணன் கிடையாது. ஆறு வருஷமாகச் சின்னச் சின்னதாக வாங்கிச் சேர்க்கிறேன். இப்போது வரைந்துகொண்டிருப்பவர்களின் மூங்கில், தாமரை, ஒன்றிரண்டு எழுத்தோவியச் சுருள்கள். எதற்கும் 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்ததில்லை. போன டிசம்பரில்தான் புத்தி தடுமாறிவிட்டது.

கடைக்காரருக்கு என்னை இரண்டு வருஷமாகத் தெரியும். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் ஒரு சுருளை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் ஒற்றைக் குதிரை. பிடரியும் வாலும் ஈரம் வற்றிய தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்த கீற்றுகள். "யார் வரைந்தது என்று நான் சொல்லணுமா?" என்றார். சொல்ல வேண்டியதில்லை. சீன மை ஓவியத்தில் குதிரை என்றால் முதலில் வாயில் வரும் பெயர் ஷூ பெய்ஹோங்.

அடுத்து ஒரு கதை சொன்னார். முக்கால்வாசி நிஜம், அதனால்தான் நம்பினேன். ஷூ பெய்ஹோங் 1939இல் சிங்கப்பூர் வந்தார், கண்காட்சி வைத்து, ஜப்பானியப் போரில் அவதிப்பட்ட சீன மக்களுக்காக நிதி திரட்டினார், தாகூர் அழைத்து சாந்திநிகேதன் போனார், டார்ஜிலிங்கில் தங்கி வரைந்தார், 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுவதற்கு முன் கிளம்பிவிட்டார். அவர் ஓவியங்கள் பல இங்கே நண்பர்களிடம் தங்கின. எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். அதன் வாலில் கடைக்காரர் சொந்தமாக ஒன்றை முடிந்தார்: அப்படி ஓவியம் பெற்ற ஒரு குடும்பம் இப்போது ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்கிறது, ஏலத்துக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், வெளியே தெரிந்தால் பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சத்தமில்லாமல் 6,000.

பேரம் பேசி 4,800 ஆக்கினேன். அதில் பெருமை வேறு! ஷூ பெய்ஹோங்கின் குதிரைகள் ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. இவ்வளவு மலிவாக ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று பதறினேன்.

ரசீதில் ஓவியர் பெயரை எழுதச் சொன்னேன். "பெயர் போட்டால் இந்த விலைக்கு ஏன் கொடுத்தாய் என்று குடும்பத்தார் என்னைக் கேட்பார்கள்" என்றார். ரசீதில் இருப்பது இவ்வளவுதான்: 'குதிரை, மை ஓவியம், 1'. அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் ஓவியத்தின் மேல் மூலையில் தாள் கொப்புளித்தது. பிராஸ் பாசா பக்கம் சுருள் ஓவியங்களுக்குப் பின்தாள் ஒட்டித்தரும் வயதான சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் குதிரையைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு முதுகைத் தடவினார். கையால் செய்த பழைய வேலை என்றால் கோதுமை மாவுப் பசை. தண்ணீர் காட்டினால் இளகி, தாள் சேதமில்லாமல் பிரியும். இது இயந்திரத்தில் சூடுவைத்து ஒட்டிய பிளாஸ்டிக் படலம். "எண்பது வருஷத்து ஓவியமா?" என்று சிரித்தார். பிற்காலத்தில் புதிதாக ஒட்டியிருக்கலாமே என்று நான் கடைக்காரருக்காக வாதாடினேன். இருக்கலாம், அப்படிச் செய்வதும் உண்டு என்று ஒப்புக்கொண்டு சுருளை இந்தப் பக்கம் திருப்பினார். இடது ஓரத்தில் இருந்த எழுத்தில் விரலை வைத்தார். "ஜியாவூ."

நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது வருஷப் பெயர்கள் சுற்றி வருவதுபோல அவர்களுக்கும் அறுபது உண்டு. ஓவியர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் தேதியாக எழுதுவார்கள். ஜியாவூ குதிரை வருஷம். 1894, 1954, 2014. ஷூ பெய்ஹோங் பிறந்தது 1895, இறந்தது 1953. ஒன்று, பிறப்பதற்கு முந்தின வருஷம் வரைந்திருக்க வேண்டும்; இல்லை, செத்த மறுவருஷம். நிதி திரட்டிய காலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 2014 நமக்கு ஜய வருஷம். என் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கிறது. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்த குடும்பத்துப் பிள்ளை, 4,800 வெள்ளிக்கு வாங்கியதில் வருஷம் என்ன என்று பார்க்கவில்லை.

அங்கிள் அதோடு விடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து இடது விளிம்பைப் பார்க்கச் சொன்னார். வெட்டிய ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இரண்டு மூன்று மைத்தடம். அங்கே இன்னொரு வரி இருந்திருக்கிறது. அவருடைய ஊகம்: யாரோ ஒருவர் பயிற்சிக்காகப் பார்த்து வரைந்து, 'இன்னாரைப் பார்த்து எழுதியது' என்று தன் பெயரையும் நேர்மையாகப் போட்டிருக்கிறார். சீன மரபில் முன்னோரைப் பார்த்து வரைவது கற்கும் முறை, திருட்டு இல்லை. பின்னால் வந்தவன் அந்த வரியைக் கத்தரித்துவிட்டு, முத்திரையைக் குத்தி, தேநீர்ச் சாயத்தில் தாளைப் பழசாக்கியிருக்கிறான். சாயம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. தானாகப் பழுத்த தாள் அப்படி இருக்காது. சுருட்டின வெளிப்பக்கம் அதிகமாகவும் உள்பக்கம் குறைவாகவும் பழுக்கும்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. சீனாவின் குவாங்சோ நுண்கலைக் கழகத்தின் நூலகத்தில் பொறுப்பில் இருந்தவர் 143 ஓவியங்களைத் திருடிவிட்டு, தானே வரைந்த நகல்களை வைத்திருக்கிறார். 2015இல் நீதிமன்றத்தில் அவர் சொன்னதுதான் வேடிக்கை: அவர் வைத்த நகல்களையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டு, அதைவிட மட்டமான நகல்களை வைத்துவிட்டார்களாம்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "ஷூ பெய்ஹோங் என்று நான் சொன்னேனா? உங்களுக்கே தெரியும் என்றுதானே சொன்னேன்" என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த அரைமணி நேரத்தில் இது ஷூ பெய்ஹோங் வரைந்தது என்று ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. சரித்திரத்தைச் சொன்னார், குடும்பக் கதையைச் சொன்னார், முடிச்சைப் போட்டது நான். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் மனு கொடுத்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள் போனால் எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் இருப்பது அந்த ரசீதும், வாங்குவதற்கு முன் அவர் படத்தோடு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றும். அதில் '1940, சிங்கப்பூர்' என்று இருக்கிறது. எழுத்தில் அவர் தவறவிட்டது அது ஒன்றுதான்.

போன வாரம் நண்பர் ஒருவர் எதேச்சையாக அதே கடைக்குப் போயிருக்கிறார். உள்ளறையிலிருந்து ஒரு சுருள் வந்ததாம். இந்தத் தடவை இறால். இறால் ஓவியத்துக்குப் பேர்போன ச்சீ பாய்ஷியின் பெயரைக் கடைக்காரர் சொல்லாமலேயே நண்பருக்குப் புரிந்துவிட்டதாம். குடும்பம் இன்னும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பவில்லை.