பாலிஷ் என்று சொல்லி வார்னிஷ்: மூளிக் கிளாஸைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிப் பழஞ்சாமான் கடையில் வாங்கிய ஆறு சர்பத் கிளாஸ்கள். நான்கில் விளிம்பு மூளி; எந்த மூளியும் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமில்லை. மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில், கிளாஸுக்கு 350 ரூபாய் என்று பேசிக் கொடுத்தது. திரும்பி வந்த அன்று பளபளவென்று இருந்தன. நாலாவது தடவை கழுவும்போது விளிம்பிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் உரிந்து விரலோடு வந்தது. அடியில் கண்ணாடி, அரிசிமாவு அப்பியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

நடந்தது இதுதான்: கல்லில் தேய்த்ததோடு சரி. பாலிஷ் போடவே இல்லை, மேலே கிளியர் வார்னிஷ் தடவிவிட்டார்கள். தேய்த்த கண்ணாடி வெளுப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள நுண்குழிகளில் ஒளி சிதறுவது. தண்ணீர் பட்டால் குழிகள் நிரம்பித் தெளிவாகிவிடும். காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். வார்னிஷ் என்பது காயாத தண்ணீர் மாதிரி, அவ்வளவுதான். சோப்பும் வெந்நீரும் பட்டுப் பட்டு அது கிளம்பிவிடும். உதடு படுகிற இடத்தில் அதைப் பூசியதே தப்பு.

இதைவிடப் பெரிய சேதம் வேறு. தண்ணீர் விடாமல் கிரைண்டரில் பிடித்திருக்கிறார்கள். கல் உரசும் இடம் மட்டும் சுட்டு விரியும், பக்கத்துக் கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் விளிம்புக்கு உள்ளே நகக்கண் அளவில் பிறை பிறையாக விரிசல் விழும். ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தால் அதற்குள் வானவில் நிறம் தெரியும். வார்னிஷ் அந்தப் பிறைக்குள்ளும் இறங்கி அதை மறைத்துவிடுகிறது. ஒரே கிளாஸில் மூன்று பிறைகள். இனி அதில் ஐஸ் போட்ட ஜிகர்தண்டா ஊற்றினால் எப்போது விரிசல் ஓடும் என்று சொல்ல முடியாது.

உயரமும் போச்சு. 2 மில்லிமீட்டர் மூளிக்கு இரண்டரை எடுத்தால் போதும். ஆறையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தால் நாலு கிளாஸ் 4 மில்லிமீட்டர் குட்டை. முரட்டுக் கல்லில் அவசரமாகப் பிடித்தால் விளிம்பு கோணும், கோணலை எடுக்க இன்னும் தேய்க்க வேண்டிவரும்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? தட்டையான தடிமனான கண்ணாடிப் பலகையில் அரைத் தேக்கரண்டி 220 நம்பர் கார்போரண்டம் (கண்ணாடியைத் தேய்க்கும் கடினமான தூள்; நம்பர் கூடக்கூட மணி நைசாகும்), கொஞ்சம் தண்ணீர். கிளாஸைக் கவிழ்த்து எட்டுப்போல் தேய்த்து, சற்றைக்கொருதரம் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். மூளி மறைந்ததும் 400, பிறகு 600. ஒவ்வொன்றுக்கும் நடுவே கிளாஸ், பலகை, கை எல்லாவற்றையும் நன்றாகக் கழுவ வேண்டும். 220-இன் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தாலும் 600-இல் கோடு விழும். தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பவர்கள் செய்கிற அதே வேலைதான். அடுத்து, உள் ஓரத்தையும் வெளி ஓரத்தையும் ஈர வாட்டர் பேப்பரால் உருட்ட வேண்டும், 600-இல் தொடங்கி 1500 வரை. இங்கேதான் எல்லோரும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். 1500-க்குப் பிறகும் கண்ணாடி பால்போல் மங்கலாகத்தான் இருக்கும். கண்ணாடிக்குப் பாலிஷ் போடும் செரியம் ஆக்சைடு பவுடரை மோர்ப் பதத்தில் கரைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரத்தில் தடவி, மெதுவான வேகத்தில், சூடு ஏறாமல் பிடித்தால்தான் தெளியும். நேரம் தின்னும் கட்டம் இது. இதற்குக் கூடுதல் கூலி கேட்டால் நியாயம்.

கனமான, தட்டினால் மணிபோல் நீள ஒலிக்கும் கிளாஸ் என்றால் ஈயக் கண்ணாடியாக இருக்கலாம். ஈயம் நஞ்சு; அதைத் தேய்த்த சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எந்தக் கண்ணாடியானாலும் உலர்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கொடுக்கும் முன் உயரத்தை வெர்னியர் அளவுகருவியில் அளந்து, அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். "தண்ணீர் விட்டா தேய்ப்பீங்க? கடைசியா என்ன பவுடர் போடுவீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அப்படியே திரும்பிவிடலாம். திரும்ப வாங்கும்போது காதுக்குச்சிப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு விளிம்பில் பத்து விநாடி உருட்டுங்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. வார்னிஷ் என்றால் பிசுபிசுக்கும். தங்க வேலைப்பாடு உள்ள இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், சூளையில் சுடாமல் பூசிய தங்கம் கையோடு வந்துவிடும். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சும் உதவும். விளிம்பு மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அங்கே பசையோ பூச்சோ இருக்கிறது. முழுக் கிளாஸும் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது யுரேனியம் (கதிரியக்கத் தனிமம்) கலந்த கண்ணாடியாக இருக்கலாம். அதைத் தேய்க்கவே கொடுக்காதீர்கள்.

மூளியிலிருந்து விரிசல் கீழே ஓடியிருந்தாலும், விளிம்பில் தங்கக் கோடு இருந்தாலும் தேய்க்கும் வேலைக்கு ஆகாது. ஃபெவிக்விக் ரகப் பசை வைத்து நிரப்பித் தருகிறேன் என்பார்கள்; சுற்றிலும் வெள்ளைப் புகை படியும். எப்பாக்சி தெளிவாக நிற்கும், ஆனால் நாளாக நாளாக மஞ்சளாகும், குடிக்கும் விளிம்புக்கும் கூடாது. அப்படிப்பட்ட கிளாஸை மூளியோடு அலமாரியில் வைப்பதே மேல்.