மூளை ரத்தக்குழாய்ப் பின்னல்: மலையிறங்கும் முன் எந்த ஸ்கேன்?

கோத்தகிரிக்காரரோ கூடலூர்க்காரரோ, மூளையில் ரத்தக்குழாய் தாறுமாறாகப் பின்னியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கடைசியில் கோவைக்கு இறங்குவதே வழக்கம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் மலையில், பொருந்தாத ஸ்கேனை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது வீண் அலைச்சல். எது உயர்ந்தது என்பதைவிட எது எதைத் தவறவிடும் என்று பார்ப்பதே உதவும்.

திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் யோசிக்க இடமில்லை, முதலில் சி.டி.தான். சில நிமிடங்களில் முடியும். புதிதாகக் கசிந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். ஆனால் கசியாத பின்னல் வெறும் சி.டி.யில் நழுவிவிடலாம். அயோடின் மருந்து ஏற்றி, அதே மேசையில் ரத்தக்குழாய்களைத் தனித்துக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுக்கலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு வந்து தெளிந்தவருக்கு என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. இரைச்சலுக்கு நடுவே அரை மணி நேரம் அசையாமல் படுப்பது சள்ளைதான். பேஸ்மேக்கர் இருந்தால் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகையா என்று பார்க்க வேண்டும். ஆனால் கதிர்வீச்சு இல்லை. வேகமாக ரத்தம் ஓடும் பின்னல், கறுப்புத் துளைகளின் கொத்தாகப் படத்தில் விழும். கேவர்னோமா, அதாவது மெல்லிய சுவருள்ள சிறு ரத்தக்குழாய்களின் கொத்து, விஷயத்திலோ எம்.ஆர்.ஐ.க்கு நிகரே இல்லை. அதற்குள் ரத்தம் மிக மந்தமாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் பிடிபடாது, எம்.ஆர்.ஐ.யில் சோளப்பொரி போன்ற உருவும், பழைய கசிவின் இரும்புச்சத்து படிந்த கரிய விளிம்பும் தெரியும். ரத்தத்தின் இரும்புச்சத்தை நுட்பமாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்தால் மிகச் சிறியவையும் புலப்படும். அது சீட்டில் எழுதியிருக்கிறதா என்று மலையிறங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது டி.எஸ்.ஏ.; 1927-இல் லிஸ்பனில் போர்ச்சுகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராமின் இன்றைய வடிவம். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி, மருந்து பாய்வதை நொடிக்கு நொடி படமெடுக்கிறார்கள். இயல்பான மூளையில் தமனி நிறைந்து, நுண்குழாய்களைக் கடந்த பிறகே சிரை நிறையும். பின்னல் இருந்தால் தமனியோடு சிரையும் முந்திக்கொண்டு நிறைந்துவிடும். இதை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் காட்டுவதில்லை. பக்கவாத ஆபத்து சிறிதளவு உண்டு என்பதால் முதல் சோதனையாக இதைக் கேட்பதில் பொருளில்லை. அறுவைச் சிகிச்சையா, பசை செலுத்தி அடைப்பதா என்று முடிவெடுக்கும் கட்டத்தில் இதைத் தவிர்க்கவும் முடியாது.

ரத்தக்கசிவுக்குப் பின் எடுத்த டி.எஸ்.ஏ.யில் ஒன்றும் தெரியாவிட்டாலும், உறைந்த ரத்தக்கட்டியின் அழுத்தத்தில் சிறு பின்னல் மறைந்திருக்கலாம். அதனால்தான் சில வாரங்கள் கழித்து மறுபடியும் வரச் சொல்கிறார்கள். அப்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.